சிகைத் தொண்டுக்கு ஒரு விருது

மனிதநேய விருதுக் குழுவில் என்னைச் சேர்த்ததற்கு என் மனிதநேயம் காரணமல்ல. என்னிடம் ஒழுங்கான கோட்டு ஒன்று இருக்கிறது. மைக் கையில் வந்தால் குரல் நடுங்குவதில்லை. மலாக்காவில் ஒரு தமிழன் பொதுவாழ்வில் இறங்க இவ்வளவு போதும். வார நாட்களில் பத்து பெரண்டாமில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து, பணி ஓய்வு விழா என்று அடுத்தவர் மகிழ்ச்சியில் நகைச்சுவை கலக்கக் கூப்பிடுவார்கள். நிறையப் படித்தவன் என்று ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரால் சில பொன்னாடைகள் கிடைத்தன. அவற்றை என் மனைவி சோபாவுக்கு உறையாகத் தைத்துவிட்டாள்.

விருது வருடம் ஒருமுறை. பொது இயக்கங்களுக்குச் சில, மாணவர் தொண்டூழியக் குழு ஒன்றுக்கு ஒன்று. இயக்கங்களைத் தேர்ந்தெடுப்பதில் சிரமமே இல்லை. போன வருடம் வாங்கியவரைத் தவிர மற்றவர்களுக்கு. எல்லா இயக்கங்களும் செய்வது ஒரே தொண்டுதான். தீபாவளிக்கு முன்னால் அரிசி மூட்டை கொடுப்பார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு பக்கம் மூட்டையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாங்குபவர் இழுப்பார், கொடுப்பவர் விடமாட்டார், படம் எடுப்பவர் "இன்னொண்ணு லா" என்பார். பின்னணியில் மூட்டையைவிடப் பெரிய பதாகை. ஏழைகள் மீது இவர்களுக்கு அப்படி என்ன கோபம் என்று நான் யோசித்ததுண்டு.

மாணவர் குழுவை மட்டும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வருடம் ஒரு கல்லூரி மாணவர்களின் பெயர் வந்திருந்தது. அனுப்பி வைத்த விரிவுரையாளர் "முதியோருக்கான உடல்நலப் பணி" என்று மட்டும் சொல்லியிருந்தார். நானும் விருதுக் குழுவின் தலைவரும் ஒரு சனிக்கிழமை ஜாசினுக்குப் போனோம். தலைவர் இரும்புக்கடை வைத்திருப்பவர். வழி முழுக்க, யாரெல்லாம் தன்னால் டத்தோ பட்டம் பெற்றார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. திரும்பி வர வேண்டுமே, கார் அவருடையது.

ஜாசின் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் நெடுந்தூரம் போனால் பழைய எஸ்டேட் லயம் ஒன்று இருக்கிறது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் டவுன் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட, போக மாட்டேன் என்ற கிழவர்களும் போக முடியாத கிழவிகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் படுக்கையில். டவுனில் இருக்கும் முடிவெட்டுக் கடைக்காரர் இவ்வளவு தூரம் வருவதில்லை. படுத்திருப்பவர் கடைக்குப் போக முடியாது. ஆனால் தாடி இதையெல்லாம் பார்ப்பதில்லை, வளர்ந்துவிடும்.

ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்த ஒரு பெரியவருக்கு மாணவி ஒருத்தி சவரம் செய்துகொண்டிருந்தாள். குழுவின் தலைவி அவள்தான். மற்ற மாணவர்கள் ஒரு பாட்டிக்கு நகம் வெட்டிக்கொண்டும், தரையில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

"ஏய், மெதுவா லா! ஒரு காதுதான் கேக்குது, அதையும் அறுத்துறாத!" என்றார் பெரியவர்.

"அறுந்தா தச்சு வுடுறேன் தாத்தா. ஆடாம இருங்க."

"உங்கப்பன் என்னா வேல பாக்குறான்?"

"கட வச்சிருக்காரு."

"முடிவெட்டுற கடையா?"

"மளிக கட. வாய மூடுங்க, ஒதடுகிட்ட வர்றேன்."

பெரியவர் வாயை மூடினார். மறுபடி திறந்ததும் முதல் வேலையாக, போன தடவை மீசையைக் கோணலாக வெட்டிவிட்டாள் என்று எங்களிடம் புகார் சொன்னார். தலைவர் ஷூவைக் கழற்ற விரும்பாமல் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் அந்த முகம் பேசியது.

"முடி வெட்டுறதுக்கா விருது?"

"வேற யாரும் செய்யல தலைவரே. அரிசி மூட்டைக்கு நாலு இயக்கம் இருக்கு" என்றேன்.

"குடுக்கக் கூடாதுனு நான் சொன்னனா? மேடையில எப்படிச் சொல்றது? நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க. முடிவெட்டுறாங்கனு சொன்னா ஜனங்க என்னா நெனைப்பான்?"

"முடி வெட்டுறாங்கனு நெனைப்பான்."

"உங்க ஜோக்க கல்யாண வீட்டோட வச்சுக்குங்க, சார்."

மலாக்காத் தமிழரிடையே சாதி கிடையாது என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறேன்; சிலவற்றில் நானே அறிவித்துமிருக்கிறேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் அது எங்கிருந்தோ வந்து நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்காரும். கத்தரிக்கோலைக் கண்டாலும் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். தலைவர் மாதம் தவறாமல் முடிவெட்டுக் கடைக்குப் போய், முடிக்குக் கறுப்பு அடித்துக்கொள்கிறவர். எதிர்த்துப் பேசாமல் தலை குனிந்து அவர் உட்காரும் ஒரே நாற்காலி அங்கேதான் இருக்கிறது. அதை விட்டு எழுந்ததும், அந்தத் தொழிலின் பெயரை வாயால் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்.

கடைசியில் அவரே ஒரு சொல் கண்டுபிடித்தார். "சிகை. சிகைத் தொண்டு. எப்படி?"

கூட்டத்தில் இருந்தவர்கள் "அருமை" என்றார்கள். பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது என்பதால்தான் அருமை. சிகை என்றாலும் முடிதான், குடுமி வைத்த முடி, அவ்வளவுதான் என்று நான் வாதாடினேன். மேடையில் முடி என்றே வாசிப்பேன் என்றும் சொன்னேன். "மைக்குக்கு வேற ஆள் கிடைக்கும்" என்றார் தலைவர். எனக்கு அதைவிட நல்ல செய்தி அந்த வருடத்தில் வரவில்லை. ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை.

முடி என்றே வாசிப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். கொள்கைப்பிடிப்பு என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தலைவரைக் கடுப்பேற்றும் ஆசை. அந்த ஆசையைக் கெடுத்தது அந்த மாணவியேதான்.

ஒரு நாள் மதியம் என் அலுவலகத்துக்குப் பக்கத்திலிருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள். வணக்கம்கூட இல்லை.

"அங்கிள், நீங்கதான மைக் புடிக்கிறது?"

"ஆமாம்மா."

"என்னா வேணும்னாலும் படிங்க. முடினு மட்டும் படிக்காதீங்க. சவரம்னும் படிக்காதீங்க."

நான் என் கொள்கைகளை எடுத்து விளக்கத் தொடங்கினேன். அவள் என் தேநீரை நகர்த்தி வைத்துவிட்டு இடைமறித்தாள்.

"அப்பா வர்றாரு அங்கிள். சித்தப்பா, மாமா, எங்க தஞ்சோங் கிளிங்ல பாதி பேரு வர்றாங்க. சனிக்கிழமையில நாங்க எஸ்டேட் பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறோம்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"நீ அப்படிச் சொன்னியா?"

"பின்ன? ஆம்பளைங்களுக்குச் சவரம் பண்றேன்னு சொன்னா கார் சாவி குடுப்பாரா? பஸ்ஸு ஜாசின் டவுனோட நின்னுரும். உள்ளுக்குப் போக அவரு காரு ஒண்ணுதான் இருக்கு எங்களுக்கு. சாவி போச்சுனா எல்லாம் போச்சு."

"அப்படின்னா விருதே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"எங்கள யாரு கேட்டா? லெக்சரர் பேரு குடுத்தாரு, நீங்க குடுத்தீங்க, அப்பா பேஸ்புக்ல போட்டுட்டாரு. விருது வேணும்னு நாங்க அழுதமா?"

அவள் கோபத்தில் பிழை ஒன்றும் இல்லை. தொண்டு செய்கிறவர்களைத் தொந்தரவு செய்ய விருதைப் போல் நல்ல ஏற்பாடு வேறு கிடையாது. சிகை என்றே வாசித்துவிடுகிறேன், உன் அப்பாவுக்குப் புரியாது என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் மேடைகளில் யாருக்கும் புரியாத தமிழில் பேசுவது வழக்கம்தான். வாழ்நாளில் முதல்முறையாக அந்த வழக்கம் ஒருத்தருக்கு உதவப் போகிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையைப் பார்த்தேன். மாணவர் குழுவின் படத்துக்கு மேலே, பதாகையில், பூசணிக்காய் அளவு எழுத்துகளில் இருந்தது: "இலவச சிகிச்சைத் தொண்டு."

அச்சகத்துப் பையனுக்குச் சிகை தெரியாது. பெரிய மனுசர் அவசரத்தில் எழுத்தை விழுங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாகத் திருத்திக் கொடுத்துவிட்டான். முடி என்று அனுப்பியிருந்தால் முடி என்றே வந்திருக்கும். அந்தச் சொல்லைத் திருத்த யாருக்கும் தோன்றாது.

"தலைவரே, சிகிச்சைனு இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இருக்கட்டும். இதுவும் நல்லாத்தான இருக்கு."

நல்லாத்தான் இருந்தது. முன்வரிசையில் பட்டு ஜிப்பா போட்ட ஒரு மனிதர் எழுந்து நின்று பதாகையைப் படித்தார். மாணவியின் அப்பா அவர். மறுபடி படித்தார். பிறகு பின்னால் திரும்பி, இரண்டு வரிசை கொள்ளும் உறவினர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "சிகிச்ச குடுக்குதாம்! சொல்லவே இல்ல பாருங்க எங்கிட்ட. டாக்டருக்குப் படிக்க வச்சிருக்கணும் லா இவள." உறவினர்கள் மேடையைப் படம் எடுத்தார்கள். ஓரத்தில் நின்றிருந்த மகள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பெரியவருக்குப் பயன்படுத்திய கத்தி இருந்தது.

நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு மைக் பிடித்தேன். இயக்கங்கள் வரிசையாக வந்தன, கோப்பை வாங்கின, எங்கள் தொண்டு தொடரும் என்று மிரட்டிவிட்டுப் போயின. மாணவர் குழுவின் முறை வந்தபோது "சிகைத் தொண்டு" என்று எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வாசித்தேன். கைதட்டல் கேட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சிறப்பு வருகையாளர் ஒரு டத்தோ. ஒரு காலத்தில் சுகாதாரத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய அதிகாரம் இருமல் மாதிரி, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோப்பையைக் கையில் எடுத்தார், பதாகையைப் பார்த்தார், கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"சிகிச்சைன்னா? இவங்கள்ல யாரு டாக்டர்?"

டத்தோ மாணவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஊசி போடுறீங்களா? மருந்து குடுக்குறீங்களா? லைசன்ஸ் இல்லாம வயசானவங்க மேல கை வச்சா சட்டம் இருக்கு, தெரியுமில்ல? காலேஜுக்குத் தெரியுமா இது?"

தலைவர் ஓடி வந்தார். "டத்தோ, அது சிகை, டத்தோ."

"அதத்தான் கேக்குறேன். என்ன சிகிச்ச?"

"சிகிச்ச இல்ல டத்தோ, சிகை."

"என்னய்யா ரெண்டும் ஒண்ணுதான?"

முன்வரிசையில் அப்பா பாதி எழுந்திருந்தார்; மகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகப்போவது போன்ற முகம். மேடையில் மற்ற மாணவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். கல்லூரிக்குத் தெரியுமா என்ற கேள்வி அவர்களுக்கு உறைத்திருந்தது. அவள் மட்டும் நகரவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டி, டத்தோவிடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"மருந்தெல்லாம் குடுக்கல டத்தோ. படுத்துக் கெடக்குறவங்களுக்கு முடி வெட்டி வுடுறோம். சவரம் பண்றோம். நகம் வெட்டுறோம். அவ்ளோதான்."

 டத்தோவுக்குப் பெரிய நிம்மதி. "அடடா, பார்பர் வேலையா! அத நேராச் சொல்லக் கூடாதா?" என்று உரக்கச் சிரித்துக் கோப்பையைக் கொடுத்தார். பின்வரிசையிலும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரிச் சிரிப்பு. அப்பா முழுதாக எழுந்து, யாரையும் பார்க்காமல், மண்டபத்தின் நடுவழியாக வெளியே போனார். உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மீ கோரெங் இனிமேல்தான் வரவேண்டும்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏழு பேர் ஏறக்கூடிய கார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில்தான் பிள்ளைகள் போய்வந்தார்கள். மகள் கோப்பையோடு வந்தாள். விரிவுரையாளர் எங்கோ காணாமல் போயிருந்ததால், பெரிய மனுசத் தோரணையில் நானும் பின்னால் போனேன். போயிருக்கக் கூடாது.

"நீங்கதான மைக் புடிச்ச ஆளு? என் பொண்ண ஊரு முன்னால அசிங்கப்படுத்த எவ்வளவு நாளா பிளான் போட்டீங்க?" என்றார்.

"ஐயா, அதுல அசிங்கம்..."

"ஒங்க வூட்டுப் பொண்ண அனுப்புங்களேன். கத்திய குடுத்து அனுப்புங்க. மாப்பிள்ள வீட்டுக்காரன்கிட்ட அப்பறம் நீங்க வந்து பேசுங்க, இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு." பிறகு மகளிடம் கையை நீட்டினார். "சாவி."

"அப்பா, அடுத்த சனிக்கிழம அந்தத் தாத்தாவுக்கு..."

"சாவி!"

அவள் கொடுத்தாள். காருக்குள் ஏறு என்றார், ஏறவில்லை. கோப்பையை மட்டும் பின்சீட்டில் போட்டாள். கார் கோப்பையோடு போனது. அவள் என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து, சொல்ல இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அங்கிள், உங்ககிட்ட காரு இருக்கா?"

"இருக்கு. ஆனா..."

"சனிக்கிழம எட்டு மணிக்கு காலேஜ் கேட்டுக்கு வந்துருங்க" என்றாள். அவள் கேட்கவில்லை, அறிவித்தாள். விருதுக் குழுவின் மனிதநேயம் அத்தோடு என் தலையில் விழுந்தது.

என் கார் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரு கதவு வேறு நிறம். ஏசி என் மகன் பிறந்த காலத்தோடு நின்றுபோனது. அதில் ஐந்து பேர் ஏறி, மடியில் வாளியும் கத்தரிக்கோல் பையும் வைத்துக்கொண்டு ஜாசினுக்குப் போனோம். பிள்ளைகள் வழி முழுக்க "பனாஸ் லா அங்கிள்" என்று புழுங்கினார்கள். நானும் எனக்குத் தெரிந்த எல்லா வசைகளையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். போகும் வழியில் சோப்பு வாங்க ஜாசின் பாசாரில் நிறுத்துவார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள். கறிகாய் வாங்க வந்த சனம் நின்று பார்க்கும். அந்தப் பெண் வண்டியின் பின்னால் நின்று தள்ளுவாள், தலைகுனியாமல்.

சில வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை, லயத்தில் அந்தப் பெரியவர் தன் மீசை சம்பந்தமாக எங்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தபோது வெளியே வெள்ளைக் கார் வந்து நின்றது. அப்பா இறங்கினார். மற்ற பிள்ளைகள் வேலையை நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை, பெரியவரின் தாடையில் பாதி நுரை இருந்தது.

அப்பா வாசற்படி ஏறவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை. முற்றத்தில் நின்றிருந்த என் காரைப் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், நிறம் மாறிய கதவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுலதான் என் பொண்ணு வருதா?"

"ஆமாங்க."

"இதத்தான் பாசார்ல தள்ளுனாளா?"

"ஸ்டார்ட் ஆகல."

"ஊருல என்னா பேசுறான் தெரியுமா? என் கட படுத்துருச்சாம். கார வித்துட்டனாம். அதான் பொண்ணு கண்டவன் ஓட்ட வண்டியத் தள்ளிக்கிட்டுத் திரியுதாம். நேத்து என் மச்சான் போன் பண்ணி, ஒதவி எதாவது வேணுமானு கேக்குறான். எங்கிட்ட! அவன்!"

சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. முடிவெட்டும் பெண்ணின் அப்பா என்ற பேச்சை எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தவரால், காரில்லாதவன் என்ற பேச்சை விழுங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, வாசலுக்குள் வீசினார். அது பெரியவரின் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"முடியோ மயிரோ என்னத்தையோ வெட்டித் தொல! ஆனா என் வண்டில வந்து தொல!"

"யாரு லா அது, நல்ல நேரத்துல சத்தம் போடுறது? கத்தி கழுத்துல இருக்கு!" என்று பெரியவர் உள்ளிருந்து கத்தினார்.

"சவரம் முடியட்டும்ப்பா, எடுத்துக்கிறேன்" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே. அப்பா வாசலுக்குள் கால் வைக்கவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை. சமாதானம் என்று இதை நான் எந்த மேடையிலும் அறிவிக்க மாட்டேன்.

பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. சாவியைக் கொடுத்தாயிற்று, அங்கிருந்து தஞ்சோங் கிளிங் போக வேண்டும், செம்பனைக் காட்டுக்குள் பஸ் கிடையாது, மகளிடம் லிப்ட் கேட்க அவர் செத்தாலும் மாட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வந்து தள்ளினார்கள். மகளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தள்ளினாள். அவர் முன்சீட்டில் நிமிர்ந்து, நேரே பார்த்தபடி இருந்தார்.

ஜாசின் டவுன் வரும்வரை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாசாரைக் கடக்கும்போது சீட்டில் சறுக்கித் தலையைக் கீழே இறக்கிக்கொண்டார். மலாக்கா நகரத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறியபோது அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தஞ்சோங் கிளிங் பெயர்ப்பலகை தெரிந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"கட வாசல்ல நிறுத்தாதீங்க. அந்த முச்சந்திக்கு முன்னாலயே எறக்கி வுட்டுருங்க. நடந்துக்கிறேன்."